கேட்போரும் இலக்கும்: சிறார் நிகழ்ச்சிகளின் தரம் குறித்த ஓர் ஆய்வு (அமெரிக்கத் தொலைக்காட்சியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

சிறாருக்கென்றே உருவாக்கப்படும் நிகழ்ச்சிகள் தரத்தில் தாழ்ந்தவை என்ற கருத்தும், பெரியவர்களையும் ஈர்ப்பதே நல்ல சிறார் படைப்பின் அடையாளம் என்ற கருத்தும் பரவலாக நிலவுகின்றன. ‘இலக்குப் பார்வையாளர்’ என்ற கலைச்சொல்லைப் பகுத்தறியாமல் ஏற்றுக்கொண்டதன் விளைவுகளே இவ்விரு கருத்துகளும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1940 முதல் 2020 வரையிலான அமெரிக்கச் சிறார் படைப்புகளுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பார்வையாளரின் வயதெல்லை சுருங்குவதால் தரம் குறைவதில்லை என்பதும், குழந்தை விற்பனைக்குரிய இலக்காக மட்டும் நின்று படைப்பின் கேட்போராக மதிக்கப்படாதபோதே தரம் குறைகிறது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறார் தொலைக்காட்சி, இலக்குப் பார்வையாளர், கேட்போர், அசைவூட்டப்படம், விளம்பரம், செசமி ஸ்ட்ரீட், டிரான்ஸ்ஃபார்மர்ஸ்.

முன்னுரை

சிறார் நிகழ்ச்சி ஒன்றின் குறையைச் சுட்டும்போது, ‘குழந்தைகளுக்கானதுதானே’ என்ற மறுமொழி எழுவது வழக்கம். இம்மறுமொழி இரண்டு முற்கோள்களைக் கொண்டுள்ளது. குழந்தைக்குத் தர வேறுபாடு தெரியாது என்பது ஒன்று. தெரியாதவருக்குத் தரமானதைத் தரவேண்டிய கட்டாயம் இல்லை என்பது மற்றொன்று. முதலாவது, ஆய்வால் சோதிக்கத்தக்கது. இரண்டாவது, அறம் சார்ந்தது. இவை ஒன்றோடொன்று கலந்தே பேசப்படுவதால், சிறார் படைப்புகளின் தரம் பற்றிய உரையாடல் பெரும்பாலும் விருப்பு வெறுப்புகளின் அளவிலேயே நின்றுவிடுகிறது.

சிறார் இலக்கியம் குறித்துத் தமிழில் ஆய்வுகள் தொடர்ந்து வெளிவருகின்றன. சிறார் காட்சி ஊடகம் குறித்த ஆய்வுகளோ ஒப்பீட்டளவில் குறைவு. ஆயினும் இன்றைய குழந்தை கதை கேட்கும் இடமாகத் திரையே பெரிதும் அமைந்துள்ளது. அத்திரையில் தோன்றும் வடிவங்கள் பலவற்றின் பிறப்பிடம் அமெரிக்கத் தொலைக்காட்சியாகும். அங்குச் சிறார் நிகழ்ச்சிகள் எவருடைய பணத்தில், எவ்விதிகளின்கீழ் உருவாயின என்பது பொது ஆவணங்களில் பதிவாகியுள்ளதால், பார்வையாளருக்கும் தரத்திற்குமான உறவை ஆராய அவ்வரலாறு ஏற்ற களமாகிறது.

கேட்போர், இலக்கு, புரவலர்

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் ‘கேட்போர்’ என்பதும் ஒன்று. கூற்று, களன், காலம், பயன் ஆகியவற்றோடு கேட்போரையும் செய்யுளின் உறுப்பாகவே அந்நூல் கொள்கிறது. அதாவது, கேட்போர் படைப்புக்கு வெளியே நிற்கும் கூட்டமல்லர். எதைச் சொல்வது, எவ்வாறு சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பவற்றை உள்ளிருந்தே முடிவு செய்யும் கூறு.

‘இலக்குப் பார்வையாளர்’ என்ற தொடரோ சந்தையியலிலிருந்து வந்தது. இலக்கு என்பதற்கு அம்பு எய்யும் குறி என்ற பொருளும் உண்டு. எய்பவன் குறியை அறிந்திருக்க வேண்டும். குறியோடு உரையாட வேண்டியதில்லை. ‘6 முதல் 11 வயதுள்ள ஆண் குழந்தைகள்’ என்று ஒரு நிறுவனம் வகுக்கும்போது, அங்குக் குறிக்கப்படுவது விளம்பரதாரருக்கு அளிக்கப்படவுள்ள ஒரு தொகுதியே. இவ்விரண்டோடு, படைப்புக்குப் பணம் தரும் புரவலரையும் சேர்த்தே நோக்க வேண்டும். சிறார் ஊடகத்தில் குழந்தை நேரடியாகப் பணம் தருவதில்லை. விளம்பரதாரரோ பெற்றோரோ அரசோ அறக்கட்டளையோதான் தருகின்றன. ஆகவே கேட்போர், இலக்கு, புரவலர் ஆகிய மூவரும் ஒருவராக இருப்பது சிறார் படைப்பில் அரிது. சிறார் படைப்பின் தனிச்சிக்கல் இதுவே எனலாம்.

சிறார் இலக்கியத் திறனாய்வாளர் பார்பரா வால் 1991இல் வெளியிட்ட நூலில், கதைசொல்லி விளிக்கும் முறையை மூன்றாகப் பகுத்தார். குழந்தையை மட்டும் விளிப்பது முதல் வகை. குழந்தையிடம் பேசிக்கொண்டே அதன் தலைக்கு மேலாகப் பெரியவரைப் பார்த்துக் கண்சிமிட்டுவது இரண்டாம் வகை. குழந்தையையும் பெரியவரையும் ஒருங்கே, ஒரே மதிப்புடன் விளிப்பது மூன்றாம் வகை. ‘பெரியவர்களும் ரசிக்கிறார்கள்’ என்பது இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் பொதுவான புறத்தோற்றம். ஆதலால் அதனை மட்டும் தரத்தின் சான்றாகக் கொள்ள இயலாது.

இக்கட்டுரையில் தரம் என்பது மூன்று அளவுகோல்களால் நோக்கப்படுகிறது: தொழில்நுட்பச் செம்மை, குழந்தையின் புரிதலுக்கேற்ற அமைப்பு, உணர்ச்சியை எடுத்துரைப்பதில் நேர்மை. இவை மூன்றும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை என்பது கீழ்வரும் சான்றுகளால் புலனாகும்.

ஒரே கலைஞர், இரு சந்தைகள்

‘டாம் அண்ட் ஜெர்ரி’ 1940இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் வில்லியம் ஹானா, ஜோசப் பார்பெரா ஆகியோரால் உருவாக்கப்பட்டது. இவர்கள் இயக்கிய 114 குறும்படங்களுள் ஏழு ஆஸ்கர் விருது பெற்றன. இப்படங்கள் குழந்தைகளுக்கென எடுக்கப்பட்டவை அல்ல. திரையரங்கில் முழுநீளப் படத்திற்கு முன் எல்லா வயதினருக்கும் திரையிடப்பட்டவை. தொலைக்காட்சியின் வருகையால் திரையரங்கக் குறும்படங்களின் வருவாய் சுருங்கவே, எம்.ஜி.எம். 1957இல் தன் அசைவூட்டப் பிரிவை மூடியது. ஹானாவும் பார்பெராவும் அதே ஆண்டில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்கலாயினர்.

தொலைக்காட்சி தந்த பணம் திரையரங்கம் தந்ததில் ஒரு சிறு பகுதியே. அதற்கேற்ப ‘வரையறுக்கப்பட்ட அசைவூட்டம்’ என்னும் முறை கையாளப்பட்டது. உடல் அசையாதிருக்க, வாயும் தலையும் மட்டும் தனித்தாளில் வரைந்து மாற்றப்பட்டன. யோகி கரடியின் கழுத்தில் உள்ள பட்டையும் டையும் அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. தலையை உடலிலிருந்து பிரித்து வரைவதற்கு உதவும் எல்லைக்கோடாகவும் அவை பயன்பட்டன. ஒரே பின்னணிக் காட்சி மீண்டும் மீண்டும் கடந்து சென்றது.

அதே கலைஞர்களின் கைத்திறன் ஓராண்டில் மங்கியிருக்க இயலாது. மாறியது புரவலரின் கணக்கே. மேலும், இம்மாற்றத்திற்குச் சிறார் பார்வையாளரே காரணம் என்பதும் பொருந்தாது. இந்நிறுவனத்தின் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ 1960இல் பெரியவர்கள் பார்க்கும் மாலை நேரத்தில், சிகரெட் நிறுவனம் ஒன்றின் விளம்பர ஆதரவுடன் ஒளிபரப்பாயிற்று. அதுவும் அதே சிக்கன முறையில் எடுக்கப்பட்டதே. எனவே தொழில்நுட்பச் செம்மை குறைந்ததற்குப் பார்வையாளரின் வயதைவிட ஊடகத்தின் பொருளாதாரமே முதற்காரணம் எனலாம். 1960களில் சனிக்கிழமைக் காலை நேரம் கார்ட்டூன்களுக்கென ஒதுக்கப்பட்ட பின்னரே, சிக்கனமும் சிறாரும் பிரிக்கவியலாதபடி இணைத்து எண்ணப்பட்டன.

குழந்தையை ஆராய்ந்து படைத்தல்

பார்வையாளரின் எல்லையை மிகக் குறுக்கிய முயற்சியொன்று 1969 நவம்பர் 10 அன்று தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ ஆகும். 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள், அவர்களுள்ளும் நகர்ப்புற ஏழைக் குடும்பக் குழந்தைகள் என்று அதன் கேட்போர் வரையறுக்கப்பட்டனர். ஜோன் கான்ஸ் கூனி, லாயிட் மாரிசெட் ஆகியோர் நிறுவிய சிறார் தொலைக்காட்சிப் பட்டறைக்குக் கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும் அமெரிக்க அரசின் கல்வித்துறையும் நிதியளித்தன. விளம்பரதாரர் இடம்பெறவில்லை.

ஆய்வுப் பொறுப்பை ஏற்ற எட்வர்ட் பால்மர் எளிய சோதனைமுறை ஒன்றை வகுத்தார். ஒரு திரையில் நிகழ்ச்சி ஓடும்; பக்கத்துத் திரையில் ஏழரை நொடிக்கு ஒருமுறை வண்ணப்படம் மாறும். குழந்தையின் கண் எந்நேரத்தில் எத்திரையில் இருந்தது என்று பதிவு செய்யப்படும். 1969 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் சோதனைப் பகுதிகள் காட்டப்பட்டபோது, தெருக்காட்சிகளில் குழந்தைகளின் கவனம் சிதறியது புலனாயிற்று. கற்பனையையும் நடப்பையும் கலப்பது குழந்தையைக் குழப்பும் என்று உளவியலாளர் சிலர் அறிவுறுத்தியிருந்ததால், தெருக்காட்சிகளில் மனிதர்கள் மட்டுமே இருந்தனர், பாவைகள் இல்லை. ஒளிபரப்புக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், வல்லுநர் அறிவுரையை விடுத்துக் குழந்தைகளின் கண் தந்த விடையை ஏற்றனர். ஜிம் ஹென்சன் குழுவினரின் பிக் பேர்டும் ஆஸ்கரும் தெருவுக்கு வந்தது இதன் விளைவே.

இங்கு நோக்கத்தக்கது, குழந்தைக்கு விருப்பு வெறுப்பு உண்டு என்பதோடு, அது வல்லுநரைத் திருத்தும் அளவுக்கு நுட்பமானது என்பதும் ஆகும். ‘குழந்தைக்குத் தரம் தெரியாது’ என்ற முற்கோள் இவ்விடத்தில் வலுவிழக்கிறது. அதே நிகழ்ச்சியில் புகழ்பெற்ற நடிகர்களும் பாடகர்களும் தோன்றியதும், பெரியவர்களுக்கே விளங்கும் பகடிகள் இடம்பெற்றதும் திட்டமிட்டவையே. பெற்றோர் உடனமர்ந்து பார்த்தால் குழந்தையின் கற்றல் வலுப்பெறும் என்பதே அதன் நோக்கம். பெரியவரை அழைத்ததும் குழந்தையின் பொருட்டேயாம்.

இவ்வழியைப் பின்னும் கூர்மையாக்கியது நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 1996 செப்டம்பரில் தொடங்கிய ‘புளூஸ் குளூஸ்’. 2 முதல் 5 வயதினருக்கான இதன் ஒவ்வொரு பகுதியும் தயாரிப்பின் வெவ்வேறு நிலைகளில் மும்முறை குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. நிகழ்த்துநர் வினா எழுப்பிவிட்டுக் குழந்தை விடை சொல்வதற்குக் காத்திருப்பார். ஒரே பகுதி வாரத்தின் ஐந்து நாளும் ஒளிபரப்பானது. பெரியவர்க்குச் சலிப்பூட்டும் இம்மீள்காட்சி, சிறு குழந்தைக்குப் புரிதலையும் தேர்ச்சியையும் தந்தது. முதல் நாள் வாய் திறவாத குழந்தை ஐந்தாம் நாள் விடையை உரக்கச் சொல்லும். பெரியவரின் சுவையை அளவுகோலாகக் கொண்டிருந்தால் இவ்வமைப்பு தோன்றியே இராது.

செசமி ஸ்ட்ரீட் குறித்து மாற்றுக் கருத்துகளும் உண்டு. அதன் காட்சிகள் விரைந்து மாறுவது குழந்தையின் சிந்தனைக்கு இடந்தருவதில்லை என்று ஜெரோம் சிங்கர், டாரத்தி சிங்கர் ஆகியோர் கருதினர். பி.பி.சி.யின் சிறார் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மோனிகா சிம்ஸ், அதன் கற்பிக்கும் போக்கை ஏற்காமல் 1971இல் அந்நிகழ்ச்சியை வாங்க மறுத்தார். இம்மறுப்புகளும் குழந்தையைக் கேட்போராகக் கொண்டு எழுந்தவையே என்பது குறிப்பிடத்தக்கது. கேட்போர் யார் என்பதில் உடன்பட்டவர்கள், அவர்க்கு எது நன்று என்பதில் வேறுபட்டனர்.

பொம்மைக்குப் பின் பிறந்த கதை

குழந்தையை இலக்காக மட்டும் கொண்ட போக்கின் தொடக்கத்தையும் 1969இலேயே காணலாம். மட்டெல் நிறுவனத்தின் ‘ஹாட் வீல்ஸ்’ பொம்மைக் கார்களின் பெயரில் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒரு கார்ட்டூன் தொடரை ஒளிபரப்பியது. போட்டி நிறுவனத்தின் முறையீட்டை அடுத்து, அத்தொடர் நிகழ்ச்சி வடிவில் அமைந்த விளம்பரமே என்ற நோக்கில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அதனை எதிர்த்தது. பெகி சாரன் 1968இல் தோற்றுவித்த ‘ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்’ என்னும் அமைப்பின் தொடர் வலியுறுத்தலுக்குப் பின், 1974இல் ஆணையம் சிறார் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்திற்கு வரம்பு வகுத்தது. நிகழ்ச்சியின் பாத்திரமே பொருளை விற்பதையும் தடுத்தது.

மார்க் ஃபௌலர் ஆணையத் தலைவராக இருந்த காலத்தில் இவ்வரம்புகள் தளர்ந்தன. தொலைக்காட்சியை, படம் காட்டும் ரொட்டி சுடும் கருவிக்கு ஒப்பிட்டுப் பேசியவர் அவர். 1984இல் விளம்பர நேர வரம்பு நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே மட்டெல் பொம்மைகளை அடியாகக் கொண்ட ‘ஹீ-மேன்’ தொடரை ஃபில்மேஷன் நிறுவனம் 65 பகுதிகளாகத் தயாரித்திருந்தது. வாரத்திற்கு ஐந்து நாள், 13 வாரம் என்ற ஒளிபரப்புக் கணக்கே 65 என்ற எண்ணின் அடிப்படை. 1984இல் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வந்தது. முன்னர்க் கதை புகழ்பெற்ற பின் பொம்மை வரும். இப்போது பொம்மைப் பட்டியல் முதலில் வந்தது. அதிலுள்ள ஒவ்வொன்றையும் திரையில் அறிமுகம் செய்வது எழுத்தாளரின் கடமையாயிற்று. பாத்திரங்கள் பெருகிக்கொண்டே சென்றதற்கும், ஒவ்வொன்றும் ஒரு குணத்தோடும் ஓர் ஆயுதத்தோடும் நின்றுவிட்டதற்கும் காரணம் இதுவே.

ஹீ-மேன் பகுதிகளின் இறுதியில் நீதியுரை ஒன்று சொல்லப்பட்டதும் நினைவுகூரத்தக்கது. திறனாய்வாளருக்கும் பெற்றோருக்கும் அது மறுமொழியாக அமைந்தது. ஆனால் இருபது நிமிடக் கதை ஒரு நோக்கத்திற்கும், இறுதி அரைநிமிடம் மற்றொரு நோக்கத்திற்கும் உழைக்கும்போது, நீதி படைப்பின் உறுப்பாவதில்லை. சிறார் படைப்பின் தரத்தை அதன் நீதியைக்கொண்டே எடைபோடும் வழக்கம் தமிழ்ச் சூழலிலும் உள்ளதால், இவ்வேறுபாடு நம் கவனத்திற்குரியது.

மூன்று மரணங்கள்

கேட்போருக்கும் இலக்குக்கும் உள்ள வேறுபாட்டை மரணத்தைச் சித்திரித்த மூன்று இடங்களை ஒப்பிட்டுத் தெளிவாகக் காணலாம்.

முதலாவது, 1970இல் ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ நிகழ்ச்சியில் இடம்பெற்றது. ஃபிரெட் ரோஜர்ஸ் தம் மீன்தொட்டியில் ஒரு மீன் இறந்து கிடப்பதைக் காண்கிறார். உப்பு நீரில் இட்டு அதனைப் பிழைக்க வைக்க முயல்கிறார். அது பலிக்காதபோது தோட்டத்தில் புதைக்கிறார். பின்னர், சிறுவயதில் தாம் வளர்த்த நாய் இறந்தபோது அழுததைப் பற்றி நிதானமாகப் பேசுகிறார். காட்சியில் பரபரப்பு இல்லை, செலவும் பெரிதில்லை. தொழில்நுட்ப அளவில் மிக எளிய இப்பகுதி, இழப்பை நேர்மையாகச் சொல்வதில் உயர்ந்து நிற்கிறது. குழந்தை வளர்ச்சி வல்லுநர் மார்கரெட் மெக்ஃபார்லண்டிடம் ரோஜர்ஸ் பல்லாண்டு கலந்தாய்ந்து எழுதியதன் பயனை இங்குக் காணலாம்.

இரண்டாவது, செசமி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் மறைந்ததை அடுத்து நிகழ்ந்தது. வேறொருவரை நடிக்க வைப்பதோ, ஹூப்பர் ஓய்வு பெற்று வேற்றூர் சென்றுவிட்டார் என்பதோ எளிய தீர்வாக இருந்திருக்கும். குழுவினர் அவர் இறந்துவிட்டதாகவே சொல்லத் துணிந்தனர். வல்லுநர்களைக் கலந்து, குழந்தைகளிடம் சோதித்த பின், 1983 நவம்பர் 24 அன்று அப்பகுதி ஒளிபரப்பப்பட்டது. அது நன்றி நவிலல் விடுமுறை நாள். பெற்றோர் வீட்டிலிருந்து குழந்தையின் வினாக்களுக்கு விடை சொல்ல இயலும் என்பதே அந்நாளைத் தேர்ந்ததன் காரணம். ஹூப்பர் திரும்ப வரமாட்டார் என்பதைப் பிக் பேர்ட் புரிந்துகொள்ள இயலாமல் தவிப்பதையும், பெரியவர்களும் கண்கலங்குவதையும் அப்பகுதி மறைக்கவில்லை. ஏன் இறந்தார் என்பதற்குப் பொய்யான விடை எதனையும் தரவுமில்லை.

மூன்றாவது, 1986 ஆகஸ்டில் வெளியான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படம். தொடரின் தலைவனான ஆப்டிமஸ் பிரைம் படத்தின் முற்பகுதியிலேயே இறக்கிறது. பழைய பொம்மை வரிசையை விலக்கிப் புதிய வரிசையை விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இம்மரணத்தின் காரணம் என்பதைப் படைப்புக் குழுவைச் சேர்ந்தோர் பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளனர். திரையரங்குகளில் குழந்தைகள் அழுதனர். பெற்றோரின் எதிர்ப்பும் எழுந்தது. இதன் விளைவாக, அடுத்து வெளிவரவிருந்த ‘ஜி.ஐ. ஜோ’ படத்தில் நாயகன் ட்யூக் இறப்பதாக இருந்த காட்சி, நினைவிழந்த நிலை எனத் தெரிவிக்கும் உரையாடலால் மாற்றப்பட்டது. ஆப்டிமஸ் பிரைமும் 1987இல் தொடருக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்டது.

இம்மூன்றனுள் கடைசிப் படத்தின் அசைவூட்டமே தொழில்நுட்பத்தில் செலவுமிக்கது. அதன் தயாரிப்பாளர்கள் தம் இலக்கைத் துல்லியமாக அறிந்திருந்தனர்: எத்தனை வயதுக் குழந்தை எந்தப் பொம்மையை வாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்குழந்தை ஆப்டிமஸ் பிரைமை நேசித்தது என்பதுதான் தெரியாமற்போயிற்று. முதலிரு படைப்புகளில் மரணம் குழந்தைக்காகச் சொல்லப்பட்டது. மூன்றாவதில் மரணம் சரக்குப் பட்டியலில் நிகழ்ந்த மாற்றம். குழந்தையின் அழுகை எவராலும் எதிர்பார்க்கப்படாதது என்பதே அங்குக் கேட்போர் இல்லை என்பதற்குச் சான்றாகும்.

சட்டம் அளந்த தரம்

அமெரிக்கக் காங்கிரஸ் 1990இல் சிறார் தொலைக்காட்சிச் சட்டத்தை இயற்றியது. சிறார் நிகழ்ச்சிகளில் விளம்பரம் மணிக்கு வார இறுதியில் பத்தரை நிமிடத்தையும், வாரநாளில் 12 நிமிடத்தையும் கடக்கலாகாது என்றும், உரிமம் புதுப்பிக்கும்போது சிறாரின் கல்வித்தேவைக்கு நிலையம் ஆற்றிய பணி கணக்கிலெடுக்கப்படும் என்றும் அது விதித்தது. சில நிலையங்கள் பழைய ‘ஜெட்சன்ஸ்’ கார்ட்டூனை எதிர்கால அறிவியலைக் கற்பிக்கும் நிகழ்ச்சி என்று கணக்குக் காட்டின. ஆகவே 1996இல் ஆணையம் வாரத்திற்கு மூன்று மணி நேரம் கல்வி நிகழ்ச்சி என்ற அளவை வகுத்தது.

சட்டத்தால் மணிநேரத்தை அளக்க முடிந்தது. விளம்பரத்தைக் கட்டுப்படுத்தவும் முடிந்தது. ஆனால் ஒரு படைப்பு யாரை நோக்கிப் பேசுகிறது என்பது அளவைக்குள் அடங்கவில்லை. சட்டம் தீங்குக்கு வேலியிடும். படைப்பைப் படைப்பாளியே ஆக்க வேண்டும்.

எதிர்ச்சான்றுகள்

வணிக நிறுவனம் புரவலராயின் தரம் அமையாது என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். 1992இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி சிறாருக்கென ஒளிபரப்பத் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ பொம்மை விற்பனையோடு தொடர்புடையதே. இரத்தம், கொலை முதலியவற்றைக் காட்டுவதற்குக் கடும் வரம்புகளும் இருந்தன. ஆயினும் பால் டினி எழுதிய ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற பகுதி, மனைவியை இழந்தவனின் துயரை எதிர்நாயகன் ஒருவனுக்கு அடிப்படையாக்கியது. எம்மி விருதும் பெற்றது. வன்முறையைக் காட்ட இயலாத நிலையில், அதன் பின்விளைவான துயரைக் காட்டுவதற்கு எழுத்தாளர்கள் வழிகண்டனர்.

இதனினும் வலிய சான்று, 2010இல் ஹாஸ்ப்ரோவின் பங்குடைமையில் இயங்கிய தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மை லிட்டில் போனி: ஃபிரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்’. 1980களின் அதே பொம்மைக் குதிரைகள், அதே நிறுவனம், சிறுமியர் என்ற அதே குறுகிய இலக்கு. தொடரை உருவாக்கிய லாரன் ஃபாஸ்ட், சிறுமியருக்கான படைப்பு என்றால் இனிப்பும் மென்மையும் போதும் என்ற எண்ணத்தை மறுத்தார். குதிரைகள் ஒவ்வொன்றுக்கும் முரண்படும் இயல்புகளையும் தவறிழைக்கும் உரிமையையும் வழங்கினார். வளர்ந்த ஆடவர் பலர் இத்தொடரின் ரசிகர்களானது அக்காலத்தில் வியப்போடு பேசப்பட்டது. அவர்களை ஈர்க்கத் தொடர் திட்டமிடப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. சிறுமியை மதித்துச் சொன்ன கதை, சிறுமியல்லாதாரையும் சென்றடைந்தது. பரந்த பார்வையாளர் தரத்தின் காரணமன்று. சில வேளைகளில் அதன் விளைவு.

இணையமும் தமிழ்ச் சூழலும்

2015இல் யூடியூப் சிறாருக்கெனத் தனிச் செயலியை வெளியிட்டது. பெற்றோர் இசைவின்றி 13 வயதிற்குட்பட்டோரின் தரவைத் திரட்டி விளம்பரத்திற்குப் பயன்படுத்தியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த உடன்பட்டன. 2020 ஜனவரி முதல், தம் காணொளி சிறாருக்கானதா இல்லையா என்பதைப் படைப்பாளிகள் அறிவிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இணையத் தளமும் குழந்தையின் கண்ணை அளக்கிறது, பால்மரும் அளந்தார். இரண்டும் ஒன்றல்ல. பால்மருக்குக் கவனம் ஒரு முன்தேவை. கவனித்த குழந்தைக்கு என்ன புரிந்தது என்பதே இறுதி வினா. தளத்திற்குக் கவனமே விற்பனைப் பொருள். புரிதல் கணக்கில் வருவதில்லை. அளவீடு ஒன்றாயினும் அதன் பயன் எவர்க்கு என்பதில் கேட்போரும் இலக்கும் பிரிகின்றனர்.

தமிழ்ச் சிறார் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. சிறாருக்கான சுட்டி டிவி 2007இல் தொடங்கியது. 2013இல் சென்னையிலிருந்து எழுந்த சூச்சூ டிவி, இணையத்தின் வழி உலகெங்கும் மழலைப் பார்வையாளரைப் பெற்றது. தமிழாக்கம் செய்யப்பட்ட அமெரிக்க, ஜப்பானியத் தொடர்கள் அன்றாடம் பார்க்கப்படுகின்றன. இவற்றை ஆராய்வோர் விளிப்புச் சொற்களிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைச் சொல் ஒருவரையும் பலரையும் குறிக்கும். தமிழில் பேசுவோர் ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா, ‘குழந்தைகளே’ என்பதா என முடிவு செய்தே ஆகவேண்டும். ‘நீ’ என்பது தனித்தமர்ந்த ஒரு குழந்தையோடு உறவு கொள்கிறது. ‘குழந்தைகளே’ என்பது வகுப்பறையை உருவாக்குகிறது. திரையில் உள்ளவர் வினவிய பின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், தமிழ் உரையாடல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறதா என்பனவும் ஆராயத்தக்கவை. கேட்போர் யார் என்பதற்கான விடை விளம்பர அறிக்கைகளில் இல்லை. இத்தகைய மொழிக்கூறுகளிலேயே உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தொழில்நுட்பச் செம்மை பெரிதும் புரவலரின் பொருளாதாரத்தைச் சார்ந்தது. குழந்தைகளுக்கானது என்பதால் அது குறைய வேண்டுவதில்லை.

2. பார்வையாளரின் வயதெல்லையைக் குறுக்குவது தரத்திற்குத் தடையன்று. செசமி ஸ்ட்ரீட், புளூஸ் குளூஸ் போன்றவற்றில் அதுவே தரத்தின் ஊற்றாயிற்று.

3. பெரியவர் ரசிப்பதும் நீதியுரை இருப்பதும் தரத்திற்குப் போதிய சான்றுகள் அல்ல.

4. வணிகத் தொடர்பு தரத்தைக் கெடுத்தே தீரும் என்பதும் இல்லை. எனினும் குழந்தை இலக்காக மட்டும் எஞ்சும்போது உணர்ச்சியின் நேர்மை முதலில் பலியாகிறது.

‘குழந்தைகளுக்கானதுதானே’ என்ற மறுமொழிக்கு இனி ஒரு வினாவை எழுப்பலாம்: அப்படைப்பு உண்மையில் குழந்தைகளுக்கானதா? மீன் இறந்ததைச் சொன்ன ரோஜர்ஸ் அவ்வினாவுக்கு ஆம் என்று விடை சொல்லத்தக்க நிலையில் இருந்தார். தமிழில் வெளிவரும் ஒவ்வொரு சிறார் நிகழ்ச்சியிடமும் அதே வினாவை எழுப்பி, விடையைப் படைப்பின் உள்ளிருந்தே கண்டறிவது இத்துறை ஆய்வாளர் முன் உள்ள பணியாகும்.